இலாஸ்டிக் விரிப்பும் குடிவரவுச் சட்டமும்

சலவைக்கூடத்தில் பேச்சு தவணை முறையில்தான் நடக்கும். ஒரு பக்கம் துவைக்கும் இயந்திரங்கள் உறுமும், மறுபக்கம் டிரையர்கள் உருளும். காதருகே கத்தினாலும் பாதிதான் போய்ச் சேரும். மடிக்கிறவர்களுக்கு மட்டும் ஒரு வசதி உண்டு. பெரிய படுக்கை விரிப்பை இரண்டு பேர்தான் மடிக்க முடியும். ஆளுக்கு இரண்டு மூலை. இழுத்து உதறி, நீளவாக்கில் ஒன்றுசேர்த்து, பிறகு ஒருவரை நோக்கி ஒருவர் நடக்க வேண்டும். முனையோடு முனை சேரும்போது இரண்டு முகங்களும் ஒரு சாண் தூரத்தில் வந்து நிற்கும். அப்போது ஒரு வாக்கியம் சொல்லலாம். ஒன்றே ஒன்று. உடனே ஒருத்தி தொங்கும் மடிப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் போய்விடுவாள். பதில் அடுத்த மடிப்பில்தான் வரும்.

மடிப்பக்கா தன் வாழ்நாளின் பாதிக் கருத்துகளை இப்படித்தான் சொல்லி முடித்தாள். பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. அடுப்படியில் மகளோடு சண்டை போடும்போதுகூட ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு இரண்டடி பின்னால் போவாள். குளிர்பெட்டியில் முதுகு இடிக்கும். மறுபடி முன்னால் வந்து அடுத்த வாக்கியத்தைச் சொல்வாள்.

"நின்ன எடத்துல நின்னு திட்டும்மா. எனக்குத் தலை சுத்துது," என்பாள் மகள்.

மடிப்பக்கா இறந்து சில வாரங்கள் ஆகின்றன. அடுப்படிக்குள் போனால் மகள் இன்னும் குளிர்பெட்டிப் பக்கம் ஒதுங்கி வழிவிடுகிறாள். அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. யாராவது அழுதால் மடிப்பக்காவுக்குக் கை பரபரக்கும். எதையாவது கொண்டுவந்து மடிக்கக் கொடுத்துவிடுவாள்.

அவள் இந்த நாட்டுக்கு வந்தது கல்யாணமான புதிதில். முதலில் கிடைத்தது வெங்காயம் உரிக்கும் வேலை. காய்கறிகளை டின்னில் அடைக்கும் தொழிற்சாலை அது. அங்கே ஒரு மேற்பார்வையாளர். யாராவது கழிப்பறைக்குப் போனால், கதவுக்கு வெளியே போய் நின்றுகொண்டு இருமுவார். ஒருநாள் அவள் உள்ளே இருந்தபோது இருமினார். வெளியே வந்தாள். இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனைக் கழற்றி அவர் கழுத்தைச் சுற்றிப் போட்டாள். "சளி பிடிச்சிருக்கு போல, போர்த்திக்குங்க," என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினாள். அந்த வாரமே ஒரு பள்ளிக்கூடத்தில் தரை துடைக்கப் போனாள். அதற்குப் பிறகுதான் சலவைக்கூடம்.

கேட்கிறவர்கள் எல்லோரும் ஏப்ரன் வரும் இடத்தில் சிரிப்பார்கள். அவள் சொல்ல வந்தது அதற்கு அடுத்த பகுதி. "கதவைத் தொறந்தேன், மழை பெய்ஞ்சுது, நனைஞ்சேன், அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்பதுதான் விஷயம். அந்தக் காலத்தில் வேலை அனுமதி ஆளின் பெயரில் மட்டும் இருந்தது. பிறகு சட்டத்தை மாற்றினார்கள். அனுமதி அட்டையிலேயே எந்த நிறுவனத்துக்கு என்று அச்சடித்தார்கள். அந்த நிறுவனத்தை விட்டால் நாட்டையும் விட வேண்டும். எதிராளி வந்தது அந்தப் புதுச் சட்டத்தில்.

எதிராளி என்பது சலவைக்கூடத்தில் ஈரத்துணி வண்டி தள்ளும் தள்ளுவண்டிக்காரர் வைத்த பெயர். விரிப்பின் எதிர்முனையில் நிற்கிறவள் எதிராளி. மடிப்பக்காவைவிடப் பல வயது சின்னவள். வாயாடி. ஒரு மடிப்புக்கு ஒரு வாக்கியம் என்ற விதி அவளுக்குச் சித்திரவதை. முழுக் கதையையும் "அப்புறம், அப்புறம்" என்று கோத்து ஒரே வாக்கியமாக்கிச் சொல்வாள். அதுவரை விரிப்பு இருவருக்கும் நடுவில் தொங்கிக்கொண்டிருக்கும்.

அந்த நாட்களில் அவள் சொன்னதில் பாதி, கார் ஓட்டக் கற்றுக்கொள்ளும் கதை. முன்னால் ஓட்டுவதில் ஒரு குறையும் இல்லை. பின்னால் எடுத்து, இரண்டு கார்களுக்கு நடுவே நிறுத்தச் சொன்னால்தான் வண்டி நடைபாதை மேல் ஏறிவிடும். தேர்வு அதிகாரி போன தடவை கண்ணை மூடிக்கொண்டாராம்.

"லைசென்ஸ் வாங்காம இந்த நாட்டை விட்டுப் போக மாட்டேன்க்கா."

"அப்ப நீ இங்கயேதான்டி கிழவி ஆகப் போற."

குடிவரவுச் சட்டத்தைப் பற்றி மடிப்பக்காவுக்கு ஒரு கருத்து இருந்தது. கேட்டவர்களுக்கும் சொல்வாள், கேட்காதவர்களுக்கும் சொல்வாள். வாசலில் நிறுத்தி எவ்வளவு வேண்டுமானாலும் சோதிக்கட்டும். யாரை உள்ளே விடுவது என்பது வீட்டுக்காரர் உரிமை. வேண்டாமென்றால் அதைச் சீக்கிரம் சொல்லிவிட வேண்டும், வருஷக்கணக்கில் வாசலில் உட்கார வைக்கக் கூடாது. ஆனால் உள்ளே விட்ட பிறகு, அந்த ஆளின் சாவியை இன்னொரு ஆளின் சட்டைப் பையில் போடக் கூடாது.

தள்ளுவண்டிக்காரருக்கு இதில் உடன்பாடில்லை. அவர் பிறந்தது இந்தத் தெருவில். அவர் அப்பா பிறந்ததும் இந்தத் தெருவில். ஈரத்துணி வண்டியை மடிப்பு மேசையோரம் நிறுத்திவிட்டு ஒருநாள் கேட்டார்.

"ஆளுங்க வந்துக்கிட்டே இருந்தா எங்க கூலி எப்படி ஏறும்? நீங்களே சொல்லுங்க மடிப்பக்கா."

மடிப்பக்கா முன்னால் வந்தாள். "ஞாயித்துக்கிழமை வேலைக்கு வான்னு கூப்பிட்டா நீங்க முடியாதுன்னு சொல்வீங்களா?"

"சொல்வேன். என்ன பண்ணிடுவாங்க?"

பின்னால் போய் மறுபடி வந்தாள். "இவ சொல்வாளா?"

அவர் எதிராளியைப் பார்த்தார். விரிப்பைத் தாடையில் இடுக்கியிருந்த எதிராளி இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

இன்னொரு மடிப்பு. "அப்ப ஞாயித்துக்கிழமைக்கு யாரைக் கூப்பிடுவாங்க, அதுக்கு எவ்வளவு குடுப்பாங்க? முடியாதுன்னு சொல்ல முடியாதவ ஒருத்தி இருந்தா உங்க கூலியும்தான் ஏறாது."

"இது ரெண்டு வாக்கியம்க்கா," என்றாள் எதிராளி.

தள்ளுவண்டிக்காரர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் காலையில் முதல் வேலையாக வந்து நின்றார். "யோசிச்சேன். நீங்க சொல்றதுல பாதி சரி."

"எந்தப் பாதி?"

"அதைத்தான் இன்னும் யோசிக்கிறேன்."

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் முதலாளி எல்லோரையும் கூப்பிட்டார். அவர் கெட்டவர் இல்லை. முட்டி தேய்ந்துவிட்டது, பிள்ளைகளுக்குச் சலவைத் தொழிலில் நாட்டமில்லை. கட்டடத்தை விற்றாயிற்று, இரண்டு மாதத்தில் மூடுகிறோம் என்றார். சொல்லும்போதே அழுதுவிட்டார். மடிப்பக்கா ஒரு கூடை தலையணை உறைகளை அவர் முன்னால் வைத்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே மடித்தார்.

மற்றவர்களுக்குப் பிரச்சினை இல்லை. எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம், மருத்துவமனை. அதன் சலவை அறையில் ஆள் போதவில்லை. அங்கிருந்த பொறுப்பாளர் அம்மா அன்றைக்கே ஓடிவந்து எல்லோரையும் கேட்டார். மடிப்பக்கா சரி என்றாள். எதிராளியும் சரி என்றாள். அட்டையைப் பார்த்ததும் பொறுப்பாளர் அம்மாவின் முகம் மாறிவிட்டது. அதில் பழைய சலவைக்கூடத்தின் பெயர் இருந்தது. அது மூடினால் எதிராளி நாட்டை விட்டுப் போய், அங்கிருந்து புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். பதில் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வராமலும் போகலாம்.

"வேலை ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கு. நான் இந்தப் பக்கம் இருக்கேன். கடக்கணும்னா விமானம் ஏறிப் போய்ச் சுத்திக்கிட்டு வரணுமாம்," என்றாள் எதிராளி.

அன்று அவள் பேசியது அவ்வளவுதான். மீதி மடிப்புகளுக்கெல்லாம் சும்மா வந்து சும்மா போனாள். இயந்திரச் சத்தத்தைவிட அதுதான் மடிப்பக்காவின் காதை அடைத்தது.

குடிவரவுச் சட்டத்தைத் திருத்த அரசாங்கம் ஒரு குழு அமைத்திருந்தது. ஊர் ஊராகப் போய் மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். நகர மன்றத்தில் கூட்டம் என்று மகள்தான் கண்டுபிடித்துச் சொன்னாள். மகள் பம்புகளைச் சோதிக்கும் பொறியாளர். எந்தப் பிரச்சினையையும் அழுத்தம், கசிவு என்ற இரண்டு சொற்களில் முடித்துவிடுவாள்.

"அடுப்படியில சொல்றதை அங்க போய்ச் சொல்லும்மா. யாரு வேணாலும் பேசலாம்."

"அவங்கள்லாம் படிச்சவங்கடி."

"நானும்தான் படிச்சிருக்கேன். என்கிட்ட மட்டும் நிறுத்தாம பேசுறியே?"

ஒத்திகை நடந்தது. துடைப்பத்தைத் தலைகீழாக நிறுத்தினார்கள், அதுதான் மைக். மடிப்பக்கா ஒரு வாக்கியம் சொன்னாள், பின்னால் போனாள். மகள் தரையில் டேப் ஒட்டி, "இந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது," என்றாள். மடிப்பக்கா ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுக் கோட்டைத் தாண்டினாள். காலைப் பிடித்து நிறுத்தினால் பேச்சு நின்றது. கடைசியில் மகள் முடிவைச் சொன்னாள்: "கோளாறு கால்ல இல்ல. கை காலியா இருக்கு. ஒரு விரிப்பைக் கையில வெச்சுக்கோ."

கூட்டத்தன்று அவசரத்தில் விரிப்பை எடுத்துப் பையில் போட்டதும் மகள்தான். நல்ல விரிப்புகள் எல்லாம் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. அலமாரியின் அடியில் ஒன்று கிடந்தது. அதை எடுத்துக்கொண்டாள்.

மன்றத்தில் கூட்டம் நிறைந்திருந்தது. நீள மேசைக்குப் பின்னால் குழு. நடுவில் தலைவர், ஓய்வுபெற்ற நீதிபதி. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதே கண்ணாடியை மேசையில் தேடுகிற மனிதர். மடிப்பக்காவுக்கு முன்னால் பேசியவர், வந்தவர்களையெல்லாம் திருப்பி அனுப்ப வேண்டும் என்று கத்திவிட்டுப் போனார். அதற்கு முன்னால் பேசியவர் புள்ளிவிவரம் படித்தார். அவருக்குக் குழுவில் ஒருவர் கொட்டாவி விட்டார்.

மடிப்பக்கா மைக் முன்னால் வந்தாள். "வணக்கம், நான் சலவைக்கூடத்துல துணி மடிக்கிறவ."

பின்னால் போனாள்.

மறுபடி வந்தாள். "என்கூட மடிக்கிற பொண்ணைப் பத்திப் பேச வந்திருக்கேன்."

பின்னால் போனாள். மூன்றாவது தடவை மைக்கைப் பிடித்துக்கொடுக்க ஒரு ஊழியர் அவள் பின்னாலேயே நடந்தார். கூட்டம் சிரிக்க ஆரம்பித்தது.

"ஏம்மா பின்னாடி பின்னாடி போறீங்க?" என்று கேட்டார் தலைவர்.

"தொழில் பழக்கம் ஐயா. எதிர்முனையில ஆள் இல்லன்னா எனக்குப் பேச்சு ஓடாது." பையிலிருந்து விரிப்பை எடுத்தாள்.

தலைவர் எழுந்து மேசையைச் சுற்றிக்கொண்டு வந்துவிட்டார். "குடுங்க, நான் பிடிக்கிறேன்."

"ஐயாவுக்கு மடிக்கத் தெரியுமா?"

"எங்க வீட்ல நான்தான் மடிக்கிறேன். என் மடிப்பு என் மனைவிக்குப் பிடிக்காது. ஆனா அவங்களுக்கு மடிக்கிறதே பிடிக்காது."

கூட்டம் மறுபடி சிரித்தது, இந்தத் தடவை அவளோடு. நிம்மதியாக உதறினாள். உதறிய விரிப்பு விரியவில்லை. சுருங்கி, பந்தாகி, இருவருக்கும் நடுவில் தொங்கியது. நான்கு மூலையிலும் இலாஸ்டிக் வைத்த மெத்தை விரிப்பு. மகள் ஆசையாக வாங்கி வந்து, "மூலையே இல்லாததெல்லாம் ஒரு விரிப்பாடி?" என்று திட்டு வாங்கியதும் அலமாரியின் அடிக்குப் போன விரிப்பு.

பார்வையாளர் வரிசையிலிருந்து எதிராளியின் குரல் வந்தது. "அக்கா, அது அந்தக் கருமம்!"

மகள் நாற்காலியில் எவ்வளவு சரிய முடியுமோ அவ்வளவு சரிந்தாள்.

இருவரும் போராடிப் பார்த்தார்கள். தலைவர் ஒரு மூலையைப் பிடித்தால் இன்னொன்று நழுவியது. முன்னால் நடந்து வந்தார்கள். நடுவில் ஒரு மூட்டைதான் இருந்தது. மடிப்பக்கா அந்த மூட்டையையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நின்ற இடத்திலிருந்து நகராமல் பேசினாள்.

"ஐயா, இதை மெத்தையில மாட்டினா ராஜா மாதிரி இருக்கும். ஒரு சுருக்கம் இருக்காது. மெத்தையை எடுத்துட்டா பாருங்க, இதுதான் கதி. நீங்க குடுக்குற பர்மிட்டும் இப்படித்தான் இருக்கு. முதலாளின்னு ஒரு மெத்தை இருக்குற வரைக்கும்தான் அந்தப் பொண்ணுக்கு உருவம். அவருக்கு முட்டி வலிச்சுக் கடையை மூடினா இவ சுருண்டு போகணும். முட்டி வலிச்சது அவருக்கு. நாட்டை விட்டுப் போறது இவளா? சாதா விரிப்பாக் குடுங்க ஐயா. எந்தக் கட்டில்ல போட்டாலும் அது விரிப்பாத்தான் இருக்கும். நல்லாத் துவைச்சுப் பாருங்க, கறை இருக்கான்னு பாருங்க, வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லுங்க. ஆனா இலாஸ்டிக் வைக்காதீங்க."

தலைவர் தன் பக்கத்து இரண்டு மூலைகளையும் விடவில்லை.

"சரிம்மா. ஒரு சந்தேகம். ஒரு ஆளைக் கூட்டிக்கிட்டு வர முதலாளி செலவு பண்றார். வேலை கத்துக்குடுக்கிறார். வந்த மறுவாரமே அவங்க எதிர்க்கடைக்குப் போயிட்டா, அடுத்த தடவை அவர் யாரைக் கூட்டிக்கிட்டு வருவார்?"

இதை மடிப்பக்கா எதிர்பார்க்கவில்லை. தள்ளுவண்டிக்காரர்கூட இதைக் கேட்டதில்லை. யோசித்தாள்.

"அது நியாயம்தான் ஐயா. அப்ப ஒரு வருஷம் இருக்கட்டும். அந்த ஒரு வருஷத்துல அவர் நல்லா வெச்சுக்கிட்டா, அதுக்கப்புறம் அவ ஏன் போகப் போறா?"

"ஐயோ," என்றாள் எதிராளி. மன்றம் முழுக்கக் கேட்டது.

திரும்பும்போது பேருந்தில் எதிராளி விடவில்லை. "சாதா விரிப்பைக் கேட்டுட்டு வாங்கன்னா ஒரு வருஷத்தைக் குடுத்துட்டு வந்துட்டீங்களே."

"உனக்குத்தான் வந்து ஆறு வருஷம் ஆச்சேடி, உனக்கென்ன?"

"எனக்கு ஒண்ணுமில்ல. எனக்குப் பின்னாடி ஒருத்தி வருவாளே? அவளுக்கு இருமுற ஆள் கிடைச்சா? ஒரு வருஷமும் இருமலைக் கேட்டுக்கிட்டு உள்ளயே இருப்பாளா?"

மடிப்பக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இறங்கும் வரை பேசவில்லை. மகளுக்கு அது ஆச்சரியமாக இருந்தது. பேருந்தில் பின்னால் போக இடமில்லாததால் என்று நினைத்துக்கொண்டாள்.

சலவைக்கூடம் மூடுவதற்குச் சில நாட்கள் இருந்தபோது உத்தரவு வந்தது. புதுச் சட்டம் வரும்வரை, நிறுவனம் மூடியதால் வேலை இழந்தவர்களை வெளியேற்றக் கூடாது, அதே தொழிலில் வேறு இடத்தில் சேரலாம். பின்னர் சட்டமும் வந்தது. ஒரு வருடம் முடிந்தால் ஆள் விரும்பிய இடத்துக்கு மாறலாம். பல ஊர்களில் பல பேர் பேசியதன் பலன் அது. எதிராளி மட்டும் அதை ஒப்புக்கொள்வதில்லை. அவளைப் பொறுத்தவரை அது விரிப்புச் சட்டம்.

சலவைக்கூடத்தின் கடைசி நாள் வேலை முடிந்ததும் எதிராளி ரோட்டோரம் போய், சிக்னல் கம்பத்தின் பொத்தானை அழுத்திவிட்டு நின்றாள். வண்டி ஒன்றும் வரவில்லை. ஆனாலும் பச்சை விளக்கு எரியும்வரை காத்திருந்தாள்.

"சட்டப்படி போறேன்," என்றாள்.

தள்ளுவண்டிக்காரர் தன் காலி வண்டியைத் தள்ளிக்கொண்டே கூட நடந்தார். "மடிப்பக்கா, அந்தப் பாதி எதுன்னு கண்டுபிடிச்சுட்டேன். முதல் பாதியும் சரி, ரெண்டாவது பாதியும் சரி."

மருத்துவமனையில் மடிப்பக்காவும் எதிராளியும் பல வருடம் சேர்ந்து மடித்தார்கள். ஓய்வு பெற்ற பிறகு, கடைசி மாதங்களில், மடிப்பக்கா அதே மருத்துவமனைக் கட்டிலில் படுத்தாள். செவிலியர் விரிப்பு மாற்ற வந்தால் முதலில் அதை வாங்கி மூலையைத் தடவிப் பார்ப்பாள். "எதிராளி மடிப்பு. இடது மூலை எப்பவும் ஒரு விரல் தள்ளித்தான் இருக்கும்."

ஒரு மதியம் மகளிடம், எந்த முன்னுரையும் இல்லாமல், "ஒரு வருஷம் அதிகம்டி. ஆறு மாசம்னு சொல்லியிருக்கணும்," என்றாள்.

மகள் யோசித்துப் பார்த்திருக்கிறாள். இருமுகிற ஆள் ஒருவர் இருந்தால் ஆறு மாதமும் அதிகம்தான். கூட்டி வர ஆகும் செலவைப் புது முதலாளி பழைய முதலாளிக்குக் கொடுத்துவிட்டால் முடிந்தது. அதற்கு ஆளைக் கட்டிப்போடத் தேவையில்லை. இதை அம்மாவிடம் சொல்லியிருந்தால் நிச்சயம் ஒரு பதில் வந்திருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை எதிராளி வந்தாள். சொந்தக் காரில். ஒரு சக்கரம் நடைபாதை மேல் ஏறி நின்றது.

"லைசென்ஸ் எப்படிக் குடுத்தாங்க உனக்கு?" என்றாள் மகள்.

"அந்த அதிகாரி ஓய்வு பெறப் போறாராம். அதுக்குள்ள என்னை முடிச்சுடணும்னு பிடிவாதமா இருந்தாரு."

அம்மாவின் அலமாரியை இருவரும் ஒழித்தார்கள். எல்லாவற்றுக்கும் அடியில் அந்த இலாஸ்டிக் விரிப்பு இருந்தது. மகள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். எதிராளி அவள் முகத்தைப் பார்த்தாள், விரிப்பை எடுத்தாள், இரண்டு மூலைகளை அவள் கையில் திணித்தாள்.

"பிடி. இழு."

அடுப்படியில்தான் இடம் இருந்தது. இழுத்தார்கள். சுருண்டது. மறுபடி இழுத்து, மூலைக்குள் மூலையை நுழைத்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்தார்கள். முகங்கள் ஒரு சாண் தூரத்தில் வந்தன.

"இன்னும் மூலை பிடிக்கத் தெரியல உனக்கு," என்றாள் எதிராளி.

மகள் சிரித்தாள். தொங்கிய மடிப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனாள். குளிர்பெட்டியில் முதுகு இடித்தது.